மண்டபம் கேம்பிலிருந்து தனுஷ்கோடி வரை: மாணவர்களோடு ஒரு களப்பயணம்

எங்கள் கல்லூரியில் இளங்கலை வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்குக் குடியேற்றம் பற்றி ஒரு பாடப் பகுதி உண்டு. அதில் வரும் எடுத்துக்காட்டுகள் எல்லாமே தூரத்து ஊர்கள். நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் கட்டடத்தைப் பற்றி வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். 1863இல் கட்டிய வாடகைக் குடியிருப்பு. 1935இல் மேல்மாடி வீடுகளைக் காலி செய்து பூட்டிவிட்டார்கள். அதுவரை இருபது நாடுகளுக்கு மேலிருந்து வந்த சுமார் 7,000 பேர் அங்கே மாறி மாறிக் குடியிருந்திருக்கிறார்கள். 1988இல் தொடங்கிய ஓர் அருங்காட்சியகம் இன்று அந்த வீடுகளைப் பழையபடி அமைத்து ஆட்களுக்குக் காட்டுகிறது. பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், நம்ம பக்கம் அந்த மாதிரி ஏதும் இருக்கா?"

இருக்கிறது. ஆனால் நம் பக்கத்தில் யாரும் காலி செய்துவிட்டுப் போகவில்லை, இன்னும் அதே இடத்தில் குடியிருக்கிறார்கள், சோறு பொங்குகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். பூட்டிய வீட்டைச் சுற்றிப் பார்ப்பதும் ஆள் குடியிருக்கும் வீட்டு வாசலில் போய் நிற்பதும் ஒன்றாகாது. அந்தச் சிக்கலோடுதான் இந்தப் பயணத்தைத் திட்டமிட்டோம். வேறு கல்லூரி ஆசிரியர்கள் சிலர் விவரம் கேட்டதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

கிளம்புவதற்கு முன் மாணவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, "நம் மாவட்டத்தில் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் யார்?" என்று எழுதச் சொன்னேன். ஏறக்குறைய எல்லோரும் இரண்டே பதில்தான் எழுதினார்கள்: இலங்கை அகதிகள், ஓட்டலிலும் கட்டட வேலையிலும் இருக்கும் வடநாட்டுப் பையன்கள். பரமக்குடியிலிருந்து வரும் சௌராஷ்டிர வீட்டுப் பெண்ணும் அதையே எழுதியிருந்தாள். கொழும்பில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருந்த குடும்பத்துக் கீழக்கரைப் பையனும் அதையேதான் எழுதியிருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, தாள்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்று கேள்வி

களப்பயணம் என்றால் நம் பிள்ளைகள் ஒரு நீளமான வினாத்தாளைத் தயார் செய்துகொண்டு வருவார்கள். பெயர், வயது, சாதி, வருமானம், "உங்கள் துன்பங்கள் என்ன?" என்று போகும். துன்பத்தைக் கேட்டால் துன்பத்தைத்தான் சொல்வார்கள், அதுவும் ஏற்கெனவே பத்திரிகைக்காரர்களிடமும் தொண்டு நிறுவனத்தாரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வடிவத்தில் வரும். அதனால் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு மூன்று கேள்வி மட்டும் வைத்துக்கொண்டோம். எந்த வழியாக வந்தீர்கள் (அல்லது போனீர்கள்)? முதல் வேலை யார் மூலம் கிடைத்தது? அப்போது கையில் என்ன காகிதம் இருந்தது?

வழி, வேலை, காகிதம். இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டு போனால் ஆளின் மனதைக் கிளறாமலே வரலாறு முழுக்கக் கிடைத்துவிடும் என்பது என் கணிப்பு. இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கடற்கரை ஆட்களை வாங்கிக்கொண்ட கரை மட்டும் இல்லை, அனுப்பி வைத்த கரையும் இதுதான். அனுப்பிய வாசலும் வாங்கிய வாசலும் பல சமயம் ஒன்றாகவே இருந்திருக்கிறது. "யார் வந்தேறி?" என்று கேட்டால் இது பிடிபடாது, வழியைக் கேட்டால்தான் பிடிபடும்.

கைபேசியில் படம் எடுப்பதற்கும் ஒரு விதி போட்டோம்: கட்டடத்தை எடுக்கலாம், கடலை எடுக்கலாம், ஆளைக் கேட்காமல் எடுக்கக்கூடாது, வீட்டுக்குள்ளே எடுக்கவே கூடாது. இதை எல்லோரும் மதித்தார்களா என்பதைத் தனுஷ்கோடி வரும்போது சொல்கிறேன்.

கீழக்கரை

முதலில் கீழக்கரைக்குப் போனதற்குக் காரணம் உண்டு. அகதி முகாமில் தொடங்கினால் அந்தப் பாரத்தோடே பயணம் முழுக்கப் போகும். கீழக்கரையில் தொடங்கினால் குடியேற்றம் என்பது காசு, கடை, கல்யாணம், சாப்பாடு எல்லாம் சேர்ந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

ராமநாதபுரத்திலிருந்து தெற்கே அரை மணி நேர ஓட்டம். பதினேழாம் நூற்றாண்டில் ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி காலத்தில் இங்கிருந்து வணிகம் செய்த சீதக்காதியைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்தது 'செத்தும் கொடுத்தான்' என்ற பழமொழி மட்டும்தான். அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல் பள்ளிவாசலுக்கு முன்னால் நின்றபோது ஒரு பெண், "சார், இது கோயில் மண்டபம் மாதிரியே இருக்கே" என்றாள். தூணும் அதன் தலையில் இருக்கும் போதிகையும் அப்படித்தான் இருக்கும். கட்டிய கல்தச்சர்கள் இந்த மண்ணின் ஆட்கள், அவர்கள் கைக்கு வந்த வேலையைத்தானே செய்வார்கள். மரக்காயர்கள் (கடல் வணிகம் செய்த இந்தக் கரை முஸ்லிம்கள்) எல்லோரும் அரபு நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் என்று நினைப்பதும் தவறு, ஒருவருமே வரவில்லை என்று சாதிப்பதும் தவறு. வணிகத்துக்கு வந்தவர்கள் இங்கே பெண் எடுத்தார்கள், இங்கிருந்தவர்கள் பலர் இஸ்லாத்தைத் தழுவினார்கள், இரண்டும் கலந்துதான் இந்தத் தெருக்கள் உருவாகியிருக்கின்றன.

முத்துக் குளித்ததும் சங்கு குளித்ததும் இந்தக் கரையின் பழைய தொழில்கள். இங்கே எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய் அங்குள்ள கல்யாணப் பெண்களின் வளையலாகும். அதாவது நம் ஊர் ஆள் மூச்சடக்கி மூழ்கி எடுத்த பொருள், அவன் பார்த்தேயிராத ஊரில் தாலிக்குச் சமமாக இருந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு இது ரொம்பவே பிடித்துப்போனது.

எங்களோடு வந்த உள்ளூர்ப் பையன் தனக்குத் தெரிந்த ஒரு காக்காவிடம் (அண்ணனை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) கூட்டிப் போனான். வயதானவர், திண்ணையிலேயே பாய் விரித்து எல்லோரையும் உட்கார வைத்தார். மூன்று கேள்விக்கும் மூன்றே நிமிடத்தில் பதில் வந்தது. வழி: தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து இலங்கைக் கரையின் தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயிலில் கொழும்பு. வேலை: சொந்தக்கார மாமாவின் கடையில், முதலில் பாக்கெட் கட்டும் வேலை. காகிதம்: அவருடைய வாப்பா (அப்பா) காலத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, 1948க்குப் பிறகு சட்டங்கள் வந்ததும் விசா, வசிப்புரிமை என்று அலைச்சல் ஆரம்பித்தது. பிறகு வளைகுடா வழி திறந்தது, கொழும்பு வழி அடைபட்டது, அவரும் அங்கே மாறிக்கொண்டார். அவ்வளவுதான். உணர்ச்சிவசப்படும்படி எதையும் சொல்லவில்லை. ஆனால் ஒரு மாணவன் என்னிடம் மெதுவாக, "சார், இவரே ஒரு குடியேறித்தானே?" என்றான். அப்போதே பாதிப் பாடம் முடிந்த மாதிரிதான்.

மீதிப் பாதி வீட்டுக்குள்ளே நடந்தது. மாணவிகளை மட்டும் ஒரு லாத்தா (அக்கா) உள்ளே அழைத்துப் போனார், பையன்களும் நானும் திண்ணையிலேயே இருந்தோம். வெளியே வந்தபோது அந்தப் பெண்களின் குறிப்பேடு எங்களுடையதைவிட இரண்டு மடங்கு நிறைந்திருந்தது. இங்கே வீடு மகளுக்குப் போகும், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். ஆண்கள் கடல் தாண்டிப் போய் வருடக்கணக்கில் வராமல் இருந்தாலும் வீடு அசையாமல் இருப்பதற்கு இந்த வழக்கம் எவ்வளவு தோதாக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். காகிதம் பற்றிக் கேட்டதற்கு லாத்தா சொன்ன பதில் யாரும் எதிர்பாராதது. முதலில் ஏர்மெயில் கடிதம், அப்புறம் வளைகுடாவிலிருந்து கணவர் பேசிப் பதிவு செய்து அனுப்பும் கேசட். அந்தக் கேசட்டை வீட்டில் எல்லோரும் சேர்ந்து கேட்பார்களாம், கடைசிக் கொஞ்சத்தை மட்டும் அவர் தனியாகக் கேட்பாராம்.

கிளம்பும்போது தொதல் வாங்கினோம். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் ஊற்றிக் கிண்டிய அந்தத் தொதலுக்குச் சொந்தக்காரப் பண்டங்கள் இலங்கையிலும் மலாய் நாடுகளிலும் இருக்கின்றன. வட்டலப்பம் என்ற இனிப்பும் அப்படித்தான். சுங்க அலுவலகத்தில் பதிவாகாத குடியேற்றம் அடுப்படியில் பதிவாகியிருக்கிறது என்று வேனில் ஏறும்போது சொன்னேன். யாரும் குறிப்பெடுக்கவில்லை, எல்லோர் வாயிலும் தொதல்.

வழியில் பெரியபட்டினத்தில் சிறிது நேரம் இறங்கினோம். பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் இங்கே குவியலாகக் கிடைத்திருக்கின்றன. இன்று பார்ப்பதற்குத் தென்னந்தோப்புதான். வைகை முகத்துவாரத்தில் அழகன்குளத்துக்கும் போயிருக்கலாம், ரோமானியக் காசும் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடும் கிடைத்த ஊர். ஆனால் குழிகள் மூடியாயிற்று, நேரமும் இல்லை, விட்டுவிட்டோம்.

மண்டபம்

இந்தப் பயணத்தின் உயிர் இங்கேதான். இதற்கே முழு நாள் வேண்டும்.

மண்டபம் கேம்ப் என்று ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மாணவர்கள் எல்லோரும் அகதி முகாம் என்றார்கள். இல்லை, அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அங்கே கேம்ப் வந்துவிட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போன தமிழர்களை நிறுத்திப் பரிசோதித்து அனுப்ப, இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணிலேயே நடத்திய முகாம் அது.

அதற்கு முந்தைய வழி இன்னும் மோசம். தொண்டி, தேவிப்பட்டினம், பாம்பன் என்று இந்தக் கரையின் சின்னத் துறைகளிலிருந்து தோணியில் ஏற்றி மன்னார்க் கரையில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடை. காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்து செத்தவர்கள் ஏராளம். 1904இல் திருச்சியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையம் அமைந்தது, 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்தது, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டார்கள், அந்தக் கரையிலும் ரயில் காத்திருந்தது. எழும்பூரில் ஏறினால் கொழும்பில் இறங்கலாம். அதைத்தான் போட் மெயில் என்றார்கள். அதே வழியில்தான் மண்டபம் கேம்பும் எழுந்தது. கங்காணி ஊருக்குள் வந்து முன்பணம் கொடுப்பான், ஆள் பிடிப்பான், கடன் துண்டு என்ற சீட்டில் ஏறும். கேம்பில் சில நாள் தங்கவைத்து, அம்மை குத்தி, துணிமணிகளைக் கிருமி நீக்கி, நோய் இல்லை என்று கண்டபிறகு கப்பலுக்கு அனுப்புவார்கள். கடனை ஆளோடு கட்டி விற்ற அந்தத் துண்டு முறையை 1921இல்தான் ஒழித்தார்கள். 1939இல் இந்திய அரசு கூலி ஆட்களை அனுப்புவதையே தடை செய்தது.

இந்த இடத்தில் வேனை நிறுத்திவிட்டு நான் சொன்ன கணக்கை இங்கே அப்படியே எழுதுகிறேன், இது தெரியாமல் மண்டபத்தைப் பார்ப்பது வீண். இலங்கை விடுதலை பெற்ற 1948இலேயே குடியுரிமைச் சட்டம் வந்து, இப்படித் தோட்டங்களுக்குப் போன மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்து, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த ஆட்கள் யாரையும் கேட்கவில்லை. சரி, ஐந்து லட்சம் பேர் எந்த வழியாக வருவது? தனுஷ்கோடி வழியாகத்தான். ஒப்பந்தம் போட்டு எட்டு வாரம் நிறையும் முன், டிசம்பர் 22ஆம் தேதி இரவு புயல் வந்து தனுஷ்கோடியையே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் ஓடியது. தாத்தா கூலியாக நின்று அம்மை குத்திக்கொண்ட அதே மண்டபம் கேம்பில் பேரன் குடும்பம் 'தாயகம் திரும்பியோர்' என்று வந்து இறங்கியது. அங்கிருந்து நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம், நூற்பாலைகள், தொழில் தொடங்கக் கடன் என்று பல திசைக்கும் பிரித்து அனுப்பினார்கள். ரெப்கோ வங்கி 1969இல் தொடங்கியதே பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களுக்காகத்தான். 1983 கலவரத்துக்குப் பிறகு கப்பல் நின்றது, ஒப்பந்தப்படி வரவேண்டியவர்களில் பலர் அங்கேயே நின்றுவிட்டார்கள். அதற்குப் பதிலாகப் படகில் அகதிகள் வந்தார்கள், ஒரு முறையோடு நிற்காமல் ஒவ்வொரு சண்டைக்கும் ஓர் அலையாக. 2022இல் அங்கே பொருளாதாரம் சரிந்தபோதும் சில நூறு பேர் வந்து தனுஷ்கோடிக் கடைக்கோடியான அரிச்சல்முனையிலும் மணல் திட்டுகளிலும் இறங்கினார்கள். அவர்களையும் கொண்டுவந்து வைத்தது மண்டபத்தில்தான்.

முகாமுக்குள் வெளியாட்கள் போவதற்கு அனுமதி வேண்டும். எழுதிக் கேட்டோம், எங்களுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தமும் இல்லை. வேன் நிறையப் பிள்ளைகள் இறங்கி வரிசையாக உள்ளே நுழைவதைக் குடியிருப்பவர்கள் பக்கமிருந்து நினைத்துப் பாருங்கள். 2021இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதாகவும் அறிவித்தது. பெயர் மாறியது நல்லதுதான், ஆனால் நாற்பது வருடத்துக்கு முன் வந்தவர்களுக்கும் இங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளுக்கும் குடியுரிமை என்ற காகிதம் இன்னும் பெரும்பாலும் எட்டாக்கனியாகவே இருக்கிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழர்கள் இடம்பெறவில்லை. மூன்றாவது கேள்வி இங்கேதான் கனக்கிறது.

முகாமுக்கு வெளியே, சாலையோரக் குடியிருப்பு ஒன்றில், ஒப்பந்தத்தின்படி வந்த ஓர் அம்மாவைப் பார்த்தோம். எழுபதுகளின் தொடக்கத்தில் அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சிறுமியாக வந்தவர். அவரிடம் மாணவர்கள் பேசியதில் எனக்குப் பிடித்தது, யாரும் அவரை அழ வைக்கவில்லை என்பதுதான். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடு) எத்தனை காம்பரா (அறை), காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கூட்டிக் கணக்கெடுப்பது) எத்தனை மணிக்குத் தப்பு அடிப்பார்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு கொழுந்து எடுக்க வேண்டும் என்று வேலையைப் பற்றிக் கேட்டார்கள். அவரும் உற்சாகமாகச் சொன்னார், இரண்டு விரலால் கொழுந்து கிள்ளுவது எப்படி என்று பக்கத்து வேலியிலிருந்த செடியில் செய்தே காட்டினார். கப்பலில் வந்த தகரப் பெட்டி இன்னும் அவர் வீட்டில் இருக்கிறது, அரிசி போட்டு வைத்திருக்கிறார்.

அவருடைய அப்பாவுக்குக் கடை வைக்கக் கடன் கொடுத்திருக்கிறார்கள். "எங்கப்பாவுக்குக் கவ்வாத்துக் கத்தி பிடிக்கத் தெரியும் தம்பி, தராசு பிடிக்கத் தெரியாது. ஆறே மாசத்துல கடைய மூடிட்டு அந்தக் கடனையும் கட்டிக்கிட்டுக் கெடந்தோம்" என்றார். (கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை வெட்டிச் சீராக்குவது.) திரும்பியவர்களில் இந்தக் கதை நிறையப் பேருக்கு உண்டு. தோட்டத்தைத் தவிர வேறு தெரியாத ஆட்களிடம் வியாபாரக் கடனைக் கொடுத்து மறுவாழ்வு என்று கோப்பை மூடினால் என்ன ஆகும்?

முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், "உங்க தாத்தா எந்த ஊர்லேருந்து போனாங்க?" என்று கேட்டான். அவர் சொன்ன ஊர் அவன் ஊரிலிருந்து நடந்து போகும் தூரம். பையன் உடனே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எந்தத் தெரு? யார் வகையறா?" என்று தொடங்கிவிட்டான். அந்த அம்மா சிரித்தார். "தெரு தெரிஞ்சிருந்தா நாங்க அங்கதான இருப்போம். அப்பா போய்ப் பாத்தாரு. எடம் எல்லாம் ஆள் மாறிப்போச்சு, எங்கள யாருக்கும் அடையாளம் தெரியல. சிலோன்காரங்க வந்திருக்காங்கன்னு தண்ணி குடுத்து அனுப்பிட்டாங்க." ஊர் திரும்பிய மறுவாழ்வுத் திட்டத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுத முடியாது.

இதே மண்டபத்தில்தான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1949 முதல் 1971 வரை இருந்தது. கொச்சிக்குப் போன பிறகும் மண்டல மையம் இங்கே இருக்கிறது. விஞ்ஞானிகளும் ஊழியர்களும் கேரளம், ஆந்திரம், வங்கம் என்று பல ஊர்க்காரர்கள். அவர்களும் வெளியிலிருந்து வந்தவர்கள்தான், ஆனால் எந்த மாணவனின் தாளிலும் அவர்கள் பெயர் இல்லை. மாற்றல் உத்தரவோடு வருபவரை யாரும் குடியேறி என்பதில்லை.

பாலம் தாண்டி

பாம்பனைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலத்தைப் பார்த்ததும் மாணவர்கள் வரலாற்றை மறந்துவிட்டு அதையே படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள், சரி என்று விட்டுவிட்டேன். 1964 புயலில் சிதைந்த பழைய பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்ததைச் சொன்னேன். 1897 ஜனவரியில் இலங்கையிலிருந்து வந்த விவேகானந்தரை ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி பாம்பன் பக்கத்துக் குந்துக்காலில் வரவேற்றதையும் சொன்னேன். அவர் வந்ததும் இதே வழிதான், முதல் கேள்விக்கு அவரிடமும் பதில் இருந்திருக்கும்.

ராமேஸ்வரத்தில் மாணவர்களைக் குழப்பியது கோயில். கருவறையில் பூசை செய்பவர்கள் மராட்டிய பிராமணர்கள். தமிழ்நாட்டுக் கோயில்களில் இது அரிது. தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள், தமிழும் நம்மைப்போலவே பேசுவார்கள். சுற்றிலும் வடநாட்டு மடங்கள், சத்திரங்கள், நாலைந்து மொழிகளில் பலகைகள், இந்தியும் வங்காளமும் பேசிச் சமாளிக்கும் உள்ளூர் ஆட்டோக்காரர்கள். காசிக்குப் போனவன் ராமேஸ்வரம் வராமல் யாத்திரை முடியாது என்ற ஒரு நம்பிக்கை ஒரு சின்ன மீன்பிடித் தீவில் இத்தனை மொழிகளைக் குடியேற்றியிருக்கிறது. "அப்ப வடநாட்டுப் பையன்கள் இப்பத்தான் வந்தாங்கன்னு எழுதினோமே சார்" என்று ஒரு மாணவி சொன்னாள். நான் பதில் சொல்லாமல் இட்லி சாப்பிட்டேன்.

பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாம் வீட்டில் நல்ல கூட்டம். அவருடைய அப்பா யாத்ரீகர்களைப் படகில் ஏற்றித் தனுஷ்கோடிக்கு விட்டவர். இரண்டாம் உலகப் போரில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடும் வண்டியிலிருந்து வீசிய செய்தித்தாள் கட்டுகளைச் சிறுவன் கலாம் பொறுக்கிக் கொடுத்திருக்கிறார். குடியேறாதவர்களும் அந்த வழியை வைத்தே பிழைத்திருக்கிறார்கள்.

தனுஷ்கோடி

தனுஷ்கோடியைப் பேய் நகரம் என்று எழுதி எழுதிக் கெடுத்துவிட்டார்கள். அது ஒரு ரயில் ஊர், கப்பல் ஊர். சுங்க அலுவலகம், தபால் நிலையம், மருத்துவமனை, பள்ளி, மாதா கோயில், ரயில்வே குடியிருப்பு எல்லாம் இருந்த இடம். இர்வின், கோஷன் என்ற கப்பல்கள் வந்து நிற்கும். கப்பலுக்கு ஆள் வரும்வரை அந்த ஊர் இருந்தது, அங்கிருந்த பெரும்பாலோர் வேலைக்காக எங்கிருந்தோ வந்தவர்கள். நகரம் என்றால் ஆயிரம் ஆண்டு பழையதாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் மாணவர்களுக்கு, ஐம்பது ஆண்டில் எழுந்து ஒரே இரவில் போன நகரத்தைக் காட்ட இதைவிட வேறு இடம் இல்லை. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குள் போனதும் அதே இரவில்தான். அரசு அந்த இடத்தை வாழத் தகுதியற்றது என்று அறிவித்தது. மீனவக் குடும்பங்கள் சில இன்னும் அங்கே குடிசை போட்டுத் தொழில் செய்கின்றன.

இங்கேதான் படம் எடுக்கும் விதி உடைந்தது. ஒரு பையன் குடிசை வாசலில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கேட்காமல் வீடியோ எடுத்தான். அவர் சத்தம் போடவில்லை. "ஏ தம்பி, படத்துக்கு என்ன குடுப்ப?" என்றார். பையன் திகைத்துப்போய் ஒன்றும் இல்லை என்றான். "அப்ப பாசி மாலை வாங்கிக்க. படம் எடுத்தவங்க எல்லாரும் ஆளுக்கு ஒரு மாலை வாங்கியிருந்தா நான் ஏன் இந்த வெயில்ல கருவாடு காயப்போடுறேன்?" வீடியோவை அவர் கண் முன்னாலேயே அழிக்க வைத்தேன். பையன் நான்கு மாலை வாங்கினான். அதற்கப்புறம் அவராகவே உட்காரச் சொல்லி, தன் மாமியார் புயலன்று எப்படித் தப்பினார் என்பதையும், பிறகு ராமேஸ்வரத்துக்குப் போய் இருக்க முடியாமல் தொழிலுக்காக இங்கேயே திரும்பியதையும் சொன்னார். அவர் மாமியாரும் ஒரு வகையில் திரும்பி வந்தவர்தான், ஆனால் இந்தக் கணக்கு எந்த ஒப்பந்தத்திலும் இல்லை.

திரும்பி வந்த பிறகு

ஒவ்வொருவரும் ஒரு தெருவைப் பற்றி எழுத வேண்டும் என்பது வேலை. முதலில் வந்தவற்றில் பாதிக்கு மேல் கண்ணீர்க் கட்டுரைகள்: 'அலைகளே, நீங்கள் சாட்சி' என்ற வகை. அவற்றைத் திருப்பிக் கொடுத்து, வழி, வேலை, காகிதம் மூன்றும் இல்லாத பத்திகளை அடிக்கச் சொன்னேன். சிலருக்கு ஒரு பத்திகூட மிஞ்சவில்லை, மறுபடி எழுதினார்கள். கீழக்கரை வீட்டுக்குள் போன மாணவிகள் எழுதியவைதான் கடைசிவரை சிறந்தவையாக நின்றன. காரணம் எளிது, அவர்கள் அதிக நேரம் உட்கார்ந்திருந்தார்கள், குறைவாகக் கேட்டார்கள்.

மண்டபத்து அம்மாவைப் பற்றி எழுதியதை அவரிடமே எடுத்துப் போய்ப் படித்துக் காட்டினோம். இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்று வற்புறுத்துவேன். கடனைப் பற்றிய வரியில் ஓர் உறவினரைப் பற்றிச் சொன்னதை எடுக்கச் சொன்னார், எடுத்தோம். தோட்டத்தின் பெயரைப் பையன் தப்பாக எழுதியிருந்தான், திருத்தினார். கொழுந்து கிள்ளிய பத்தியை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

பயணத்துக்கு முன் எழுதிய தாள்களைத் திருப்பிக் கொடுத்து அதே கேள்விக்கு மறுபடி எழுதச் சொன்னபோது பட்டியல் நீண்டது. மராட்டியப் பூசாரிகள், கடல் ஆராய்ச்சி ஊழியர்கள், சங்கு வியாபாரிகள், ரயில்வே ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். பரமக்குடிப் பெண் கடைசியாகத் தன் குடும்பத்தைச் சேர்த்திருந்தாள். வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் மூன்று கேள்வியையும் கேட்டிருக்கிறாள். பாட்டி சௌராஷ்டிர மொழியிலேயே, குஜராத்திலிருந்து மதுரை வழியாக வந்தோம், வேலை தறியில், காகிதம் கிடையாது என்று சொல்லிவிட்டு, "இதைப் படிக்கவா காலேஜுக்குப் போற?" என்று கேட்டாராம்.

அடுத்த முறை போகிறவர்களுக்குச் சில விவரங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இந்தப் பக்கம் வராதீர்கள், வடகிழக்குப் பருவமழையில் தனுஷ்கோடிச் சாலையில் மணலும் தண்ணீரும் ஏறும். முகாம் அனுமதிக்கு எழுதுவதாக இருந்தால் பல மாதம் முன்னாலேயே எழுதுங்கள், கிடைக்கவில்லை என்றால் வெளியிலிருந்து எட்டிப் பார்க்கப் போகாதீர்கள். மாணவிகள் தனியாக வீட்டுக்குள் உட்கார்ந்து பேச ஒரு பெண் ஆசிரியர் கட்டாயம் கூட வேண்டும். கழிப்பறை வசதியை ராமேஸ்வரத்திலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள், அரிச்சல்முனையில் நம்ப வேண்டாம். மீனவர்களோடு பேசுவதற்கு நல்ல காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம், விசைப்படகு ஆட்கள் கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பார்கள், பொழுதும் இருக்கும். என்ன ஒன்று, அப்போது தேர்வும் விடுமுறையும் வந்துவிடும். எங்கள் துறையில் விடுமுறைக்கு முந்தைய வாரத்தைக் கேட்டு எழுதியிருக்கிறோம், பதில் வரவேண்டும்.